ஒரு மூடி தீர்த்தம்

ஜன்னல் பக்கம் நீ உட்காரு தாயி. மலை இறங்கும்போது வெளியே பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். அந்தப் பையைச் சாய்த்துவிடாதே, இங்கே கொடு, மடியில் வைத்துக்கொள்கிறேன். உள்ளே பாட்டில் இருக்கிறது. குடிக்கிற தண்ணி இல்லை, தீர்த்தம். இன்றைக்கு முதல் வெள்ளி. காலைப் பூசை முடிந்து கோயில் தொட்டியில் பிடித்தது. நீ எங்கள் வேதம் இல்லை போலிருக்கிறது, பொட்டு வைத்திருக்கிறாய். அதனால் என்ன, எல்லாருக்கும் மேலே இருப்பவர் ஒருத்தர்தான்.

கீழே டவுனுக்குத்தான் போகிறேன். பிஷப் இருக்கிற ஆயர் இல்லத்தில் விசாரணை. என் மகன் கல்யாணத்தை முறிக்கிற விஷயம். எங்களில் கோர்ட்டில் தீர்ந்தால் மட்டும் போதாது, கோயிலிலும் தீர வேண்டும். சாமியார்கள் உட்கார்ந்து கேட்பார்களாம். வேதபுத்தகத்தில் கை வைத்துச் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன், எனக்கு என்ன பயம்? இந்தப் பிரகாசி யாருக்காவது ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள் என்று எங்கள் பங்கில் ஒருத்தர் விரல் நீட்டட்டும்.

வியான்னி என் கடைசிப் பிள்ளை. மூத்தவளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. இவன் மேலே ஒரு ரிசார்ட்டில் மேனேஜராக இருக்கிறான். அப்பா இல்லாத பிள்ளை, நான் செபத்தாலேயே வளர்த்தேன். பார்த்துப் பார்த்து ஒரு வண்டி வாங்கினான். அதைப் பைக் என்று சொல்ல வாய் வராது தாயி, எருமைக்கிடா மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ஒரு பெட்டி, முன்னால் காற்றைத் தடுக்க ஒரு கண்ணாடி. நாடு விட்டு நாடு போகிறவர்கள் ஓட்டுகிற வண்டியாம். "லடாக் போகப் போறோம்மா, நானும் ஹில்டாவும்" என்றான். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் எதையும் மனிதரிடம் சொல்கிற வழக்கம் இல்லை, ஆண்டவரிடம்தான் சொல்வேன்.

ஹில்டா அவன் பெண்சாதி. பெரியகுளத்துப் பெண். அவளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சாக்லேட் கடையில் பில் போடுகிற வேலை. சுறுசுறுப்பு. அத்தை, அத்தை என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். காலையில் வண்டியையும் அவளே பைப்பைப் பிடித்துக் கழுவுவாள், சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டே. அந்த நேரத்தில் ஜெபமாலையை உருட்டி ஐம்பத்து மூன்று மணி செபம் சொல்லலாமே என்று நினைத்துக்கொள்வேன். அதுகூடக் குறை இல்லை, ஒரு தாயின் ஆசை.

வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். எனக்கு அது போதவில்லை. மேலே தெளித்தது மேலேயே காய்ந்துபோகும். நீயே சொல்லு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் மட்டுமா பூசுகிறோம்? ஒரு மூடி குடிக்கவும் கொடுக்கிறோம். வண்டிக்கு உயிர் உள்ளேதானே இருக்கிறது. வாய் எங்கே இருக்கிறது? பெட்ரோல் ஊற்றுகிற இடம்.

அன்றே நேர்ச்சை வைத்துக்கொண்டேன். திருஇருதய ஆண்டவருக்கு ஒன்பது முதல் வெள்ளி. மாதத்துக்கு ஒன்று, நடுவில் ஒன்று விட்டுப்போனால் திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டும். பூசை பார்த்து, நற்கருணை வாங்கி, தீர்த்தம் பிடித்து வந்து, அவர்கள் எழுந்திருக்கும் முன்னால் அந்த டேங்கைத் திறந்து ஒரு மூடி ஊற்றி ஒரு பரலோக மந்திரம் சொல்வேன். யாருக்கும் சொல்லவில்லை. நேர்ச்சை முடிவதற்குள் வெளியே சொன்னால் பலன் போய்விடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அதற்கு அப்புறம்தான் வண்டிக்கு அந்த வியாதி வந்தது. இதைக் கேளு. நன்றாக ஓடும். திடீரென்று இருமும். விக்கல் எடுத்த மாதிரி குப் குப் என்று இழுக்கும். முறுக்கினால் கேட்காது. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். "மிஸ்ஸிங் அடிக்குதும்மா" என்பான். நேர் ரோட்டில் வராது. ஏற்றத்தில் வரும், வளைவில் சாயும்போது வரும். முக்கியமாக அவள் பின்னால் உட்கார்ந்தால் வரும். அதை முதலில் கவனித்தது நான்தான். இவன் தனியாக ரிசார்ட்டுக்குப் போய் வருகிற நாளில் ஒரு சத்தம் இருக்காது. இரண்டு பேரும் கிளம்பினால் பாதி வழியில் இரண்டு தடவையாவது விக்கும். "அவ ஏறினாத்தான் அதுக்குப் பிடிக்கலை போல" என்று ஒரு நாள் சோறு போடும்போது சொன்னேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். ஹில்டாவும் சிரித்தாள். வியான்னி சிரிக்கவில்லை, அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

வத்தலக்குண்டில் காஜா என்று ஒரு மெக்கானிக். பாய் வீட்டுப் பிள்ளை, நல்ல மாதிரி. அவன் பிளக்கை மாற்றினான். விக்கல் நிற்கவில்லை. காயில் என்று ஒன்றை மாற்றினான், பில்டரை மாற்றினான், கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தான். அவன் பட்டறையில் நின்றால் வண்டி ஒரு குற்றமும் காட்டாது. பல் டாக்டர் வாசலுக்குப் போனதும் வலி நின்றுவிடுமே, அந்த மாதிரி. அவனே ஓட்டிப் பார்ப்பான், வெண்ணெய் மாதிரி ஓடும். வீட்டுக்கு ஏறி வரும்போது மறுபடியும் வளைவில் விக்கும்.

இது சாத்தான் வேலை என்று எனக்குத் தெரிந்துபோனது. அடுத்த வெள்ளி ஒரு மூடியை இரண்டாக்கினேன். அதற்கு அடுத்த வெள்ளி நாலு.

அப்புறம் ஒரு நாள் காஜா மேலே வேறு யாருக்கோ வண்டி பார்க்க வந்தவன் எங்கள் வாசலுக்கும் வந்தான். டேங்கின் அடியில் இருந்த பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் இறக்கி வெயிலில் தூக்கிக் காட்டினான். தாயி, நான் பார்த்தேன். மேலே பெட்ரோல். அடியில் தனியாகத் தீர்த்தம் நின்றது. அந்த நாற்றத்தோடு சேராமல் அதுபாட்டுக்குத் தனியாக. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முழங்காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது. அந்த மடையன் அதைச் செம்பருத்திச் செடி ஓரமாகத் தரையில் கொட்டினான். நெஞ்சு பதறிப்போய் உள்ளே ஓடி, பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டேன், அவனுக்காக.

திரும்பி வந்தபோது அவன் கேட்டுக்கொண்டிருந்தான்: "டேங்குல தண்ணி இறங்குது. யாருண்ணே வண்டி கழுவுறது?"

எல்லாரும் ஹில்டாவைப் பார்த்தார்கள். அவள் கையில் அப்போதும் ஈரம் இருந்தது.

"பைப்பை மூடி மேலேயே வச்சு அடிக்காதீங்க தங்கச்சி" என்றான் காஜா. மரியாதையாகத்தான் சொன்னான். வியான்னிதான் விடவில்லை. "இத்தனை மாசமா அந்தக் கடைக்கும் இந்தக் கடைக்கும் அலையிறேன். வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு சனியன்" என்றான். அன்றிலிருந்து அவள் பைப்பைத் தொடுவதை விட்டாள். ஈரத்துணியால் துடைப்பாள், டேங்கு பக்கம் அதுவும் இல்லை. பாட்டும் நின்றுபோனது.

நான் ஏன் சொல்லவில்லை என்று பார்க்கிறாயா? நேர்ச்சை பாதியில் இருக்கிறது தாயி. அதோடு, தீர்த்தம் கெடுதல் செய்யுமா? செய்யாது. அப்படியென்றால் கெடுத்தது வேறு ஏதோ. நான் எதற்குக் குறுக்கே பேச வேண்டும்?

அடுத்த முதல் வெள்ளி இருட்டுப் பிரியும் நேரத்தில் நான் டேங்கைத் திறந்து வைத்திருக்கிறேன், பின்னால் அவள் நிற்கிறாள்.

"என்ன அத்தை செய்யிறீங்க?"

"செபம் பண்றேன்மா."

"கையில என்ன?"

"தீர்த்தம்."

அவள் பாட்டிலையும் என்னையும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரித்தவள் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க நல்லதுன்னுதான் செஞ்சீங்க, எனக்குத் தெரியும். வாங்கத்தை, சேர்ந்தே போய் அவர்கிட்டச் சொல்லிருவோம். சிரிச்சிட்டு விட்டுருவார்" என்றாள்.

சிரிக்கிற விஷயமா தாயி இது?

அவளே போய்ச் சொன்னாள். அத்தை ஊற்றுகிற தீர்த்தத்தால்தான் வண்டி நிற்கிறது என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் திருஇருதயப் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. கோபத்தில் இல்லை, அவளுக்காகத்தான் ஒறுத்தல் இருந்தேன். கோயம்புத்தூரில் இருந்து மகள் போன் போட்டு வியான்னியைக் கிழித்தெடுத்தாள். பெற்றவளைப் பட்டினி போட்டுப் பார்க்கிறாயா என்று கேட்டாள். சாயங்காலம் அவன் ஹில்டாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, படத்துக்கு முன்னால் முட்டி போட வைத்தான்.

"தீர்த்தத்தைப் பத்தி அப்படிச் சொன்னதுக்கு அம்மாகிட்ட மன்னிப்புக் கேளு."

கேட்டாள். நான் தலையில் சிலுவை வரைந்து எழுப்பிவிட்டேன். எனக்கு யார் மேலும் வன்மம் கிடையாது. அவளே ரசம் வைத்துக் கொடுத்தாள், குடித்தேன்.

அப்புறம் வியான்னி தனியாக வந்து, "இருந்தாலும் இனிமே டேங்குக்குள்ள வேண்டாம்மா, வெளியில மட்டும் பூசுங்க" என்றான். சரி என்றேன். பிள்ளை மனம் ஆறட்டும் என்று சொன்னதுதான். ஆண்டவருக்குக் கொடுத்த வார்த்தை முந்தினது இல்லையா? மகனுக்குக் கொடுத்தது அதற்குப் பிந்தினது. எது பெரியது, நீயே சொல்லு.

காஜா டேங்கைச் சுத்தமாகக் கழுவி மாட்டினான். வண்டி நன்றாக ஓடியது, அடுத்த வெள்ளி வரைக்கும்.

பிறகு மறுபடியும் விக்கல். மறுபடியும் பாட்டிலில் இறக்கினால் அடியில் தண்ணி. ஹில்டா பைப்பைத் தொடவில்லை. நான் ஊற்றவில்லை என்று அவன் நம்புகிறான். அப்போது எப்படி வந்தது? அவன் மனதில் ஒரே வழிதான் இருந்தது. இவள் வேண்டுமென்றே செய்கிறாள். அம்மாவைக் குற்றவாளி ஆக்க ராத்திரியில் எழுந்து இவளே ஊற்றுகிறாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை தாயி, அவனேதான் நினைத்தான். அவள் அவன் காலைக் கட்டிக்கொண்டு, "உங்க அம்மாகிட்ட இன்னொரு தடவை கேளுங்க" என்று கதறினாள்.

கேட்டான். "அம்மா, நீங்க நிறுத்திட்டீங்கல்ல?"

நான் அவன் தலையைத் தடவினேன். "நீ பிறந்ததுல இருந்து உனக்குக் கெடுதலா ஏதாவது செஞ்சிருக்கேனாய்யா?" என்றேன். அவன் என் மடியில் முகத்தை வைத்து அழுதான். நான் பொய் சொல்லவில்லை, கவனித்தாயா? ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

அன்றே வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்தான். "நீங்களே வச்சுக்கங்கம்மா. அவ கை படக் கூடாது." டேங்கு மூடியும் அந்தச் சாவியில்தான் திறக்கும். திருஇருதயப் படத்துக்குக் கீழே ஒரு ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். அதற்கு முன்னால், அவன் சட்டைப் பையில் இருந்து எடுத்துத் திரும்ப வைக்க எவ்வளவு பயந்திருக்கிறேன். ஆண்டவரே வழி திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஒன்பதாவது வெள்ளி முழுப் பாட்டிலையும் ஊற்றினேன். நேர்ச்சை நிறைவேறியது. அன்றைக்கு நான் அழுத அழுகை ஆனந்தக் கண்ணீர்.

மறுநாள் இரண்டு பேரும் கீழே மழைக்கோட்டு வாங்கப் போனார்கள், லடாக்குக்கு. அவள் பஸ்ஸில் போகலாம் என்றாள். வியான்னி, "ஏன், ராத்திரி எழுந்து நிறைய ஊத்திட்டியா? பயமா இருக்கா?" என்று கேட்டான். அவள் ஏறி உட்கார்ந்தாள். இறங்கும்போது ஒன்றும் இல்லை. திரும்பி ஏறி வரும்போது டம்டம் பாறைக்கு மேலே இருக்கிற வளைவில் ஒரு காய்கறி வேனை முந்தப் போயிருக்கிறான். பாதி முந்தியதும் வண்டி விக்கி, அப்படியே அணைந்துபோனது. இவன் வலது பக்கம் புல்மேட்டில் போய் விழுந்தான். அவள் இடது பக்கம். வேன்காரன் என்ன செய்வான், பாவம். அவள் முட்டிக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை.

என் பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை தாயி. சட்டையில் புல் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். டாக்டரே மூக்கின் மேல் விரலை வைத்தார். ஒன்பது வெள்ளியின் பலன் என்றால் இது இல்லையா? அதே வண்டி, அதே தீர்த்தம். அவளை ஏன் காப்பாற்றவில்லை என்றால், அவள்தான் நம்பவில்லையே. நம்பாதவர்களைக் கட்டாயப்படுத்திக் காப்பாற்றுகிறவர் இல்லை ஆண்டவர்.

ஆஸ்பத்திரியில் தினமும் போய் அவள் பக்கத்தில் இருந்தேன். கஞ்சி ஊட்டினேன். ஒரு நாள் வியான்னி வெளியே போனதும் என் முந்தானையைப் பிடித்தாள்.

"அத்தை. கால் போனது போகட்டும். உங்க மேல எனக்குக் கோபம் இல்லை. நான் செய்யலைன்னு மட்டும் அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் உங்க வீட்டுலயே கிடக்கிறேன்."

"உனக்காகச் செபம் பண்றேன்மா" என்றேன். கையை எடுத்துவிட்டு, அவள் முட்டியில் சுற்றியிருந்த துணிக்கட்டு மேல் கொஞ்சம் தீர்த்தம் தெளித்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? அலறினாள். நர்ஸ் ஓடி வந்தாள், வார்டே பார்த்தது. வியான்னியும் வந்து பார்த்தான். தீர்த்தம் பட்டு ஒருத்தி அப்படி அலறினால் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்கே தெரிந்துபோனது. அங்கிருந்தே அவளைப் பெரியகுளத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

நேர்ச்சை முடிந்த பிறகு சொல்லியிருக்கலாமே என்கிறாய். சொல்லலாம் என்றுதான் இருந்தேன். மறுநாளே இப்படி ஆகிவிட்டது. துக்கம் நடந்த வீட்டில் என் புண்ணியத்தைப் போய்ப் பெருமையாகப் பேசுவதா? அப்புறம் விட்டுப்போயிற்று.

இன்னொன்று கேளு, அதற்கு மேலே உனக்குச் சந்தேகமே வராது. அந்த வண்டியைச் சரி பண்ணி ஒருத்தருக்கு விற்றான். ஆறு மாதமாகப் போகிறது. ஒரு தடவைகூட விக்கவில்லையாம். காஜாவே வந்து சொன்னான், மலை ஏறுகிறது, இறங்குகிறது, ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது, ஒரு இருமல் இல்லை. அதே பிளக், அதே காயில். மாறினது என்ன? அவள் அதில் ஏறவில்லை, அது ஒன்றுதான். அப்போது குறை எதில் இருந்தது?

இதைத்தான் இன்றைக்குச் சாமியார்களிடம் சொல்லப் போகிறேன். அவளும் வருகிறாளாம், அண்ணன் தூக்கி வருவானாம். பார்த்தால் நாலு ஆறுதல் வார்த்தை சொல்வேன். காலையில் இரண்டு பாட்டில் பிடித்தேன், அதில் ஒன்று அவளுக்கென்றே, இது அதுதான்.

இன்னொரு பாட்டிலா? அது காலையிலேயே முடிந்துவிட்டது. சொல்லவே இல்லையே, வியான்னி புது வண்டி வாங்கியிருக்கிறான். அதே மாதிரிதான், கறுப்புக்குப் பதில் சிவப்பு. போன வாரம் வந்தது. மறுபடியும் ஒன்பது வெள்ளி ஆரம்பித்திருக்கிறேன், அவனுக்கு நல்ல இடமாக அமைய வேண்டுமே. இந்தத் தடவை ஒரு மூடி, இரண்டு மூடி என்று கஞ்சத்தனம் பண்ணவில்லை. முதல் வெள்ளியே முழுப் பாட்டில்.

எதற்கு அவன் நம்பர்? வேண்டாம் தாயி. ஓட்டும்போது போனே எடுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். பயந்துகொண்டே இருக்கிறவள் நான். நமக்குப் பின்னால்தான் கிளம்பியிருப்பான், இந்நேரம் வந்திருக்க வேண்டும். உன் கை ஏன் இப்படிச் சில்லென்று இருக்கிறது? மலைக்குளிர். முந்தானையைப் போர்த்திக்கொள்.

டம்டம் பாறை வந்துவிட்டது போலிருக்கிறது. ஹாரன் கேட்கிறதா? அவன்தான். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். வலது பக்கம் பாரு, சிவப்பு வண்டி, வளைவில் நம் பஸ்ஸை முந்திக்கொண்டு வருகிறான் பாரு, துரை மாதிரி. கை காட்டு தாயி.

ஏன் கண்ணை மூடிக்கொண்டாய்? செபமா? பண்ணு, பண்ணு. நல்லது.